பட்டை சேர்த்தால் பாரம் ஏற்றலாமா?

எங்க மாமாவோட பிக்கப் வண்டி, செங்கல் ஏற்றினால் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. பட்டறையில் சொன்ன யோசனை: "ரெண்டு பட்டை சேர்த்துடலாம், அப்புறம் எவ்வளவு வேணாலும் ஏத்துங்க."

இந்த 'எவ்வளவு வேணாலும்' மேலதான் எனக்குக் கோபம். ஸ்பிரிங் தாங்கும் சரி, ஆக்சிலும் டயரும் பிரேக்கும் பழையதுதானே?

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. பல வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு பிரேக் வால்வு இணைந்திருக்கும். வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துத்தான் அது பாரத்தை அளக்கும். பட்டையை இறுக்கினால் வண்டி தாழாது. 'வண்டி காலி' என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், முழு லோடு இருக்கும்போதே! ஸ்பிரிங் மாற்றினால் அந்த வால்வையும் சரிசெய்தே ஆகணும்.

என் ஓட்டு ஹெல்பர் ஸ்பிரிங்குக்கு. லோடு அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும், காலியாகப் போகும்போது இடுப்பை ஒடிக்காது. ஏர் பேக்கில் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் எங்க ஊர் சூளை ரோட்டில் கல் குத்தினால் போச்சு.

எதைப் போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை மாறாது. 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 தனி.

எல்லாம் சொல்லியாச்சு. மாமா இன்னும் பட்டை விலையைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.