முனை எங்கே நோக்குகிறது?



பெருநாள் காசு கைக்கு வந்ததும் சிறுவர் பலர் முதலில் தேடுவது பொம்மைத் துப்பாக்கியைத்தான். சென்ற பெருநாளன்று சுருளிப்பட்டியில், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் தன் தம்பியின் நெற்றிக்கு நேரே அதை நீட்டினான். கண்ட பெரியவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க இயலவில்லை.

நம் ஊர் மலையடிவாரத்து ஊர். தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர் உரிமம் பெறவேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். 21 வயது நிரம்பாதவருக்கு அவ்வுரிமம் இல்லை. ஆயினும், காவல் குடிசையின் மூலையில் சாத்திவைத்த துப்பாக்கிக்குத் தன்னைத் தொடும் கையின் வயது தெரியுமா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், எவரும் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது எனத் தடுத்தார்கள். ஷைத்தான் அதைக் கைநழுவச் செய்துவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்நபிமொழி இடம்பெற்றுள்ளது. அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர் அவற்றின் கூர்முனைகளைப் பற்றிக்கொள்ளவேண்டும் என்றும் பணித்தார்கள். சிந்தியுங்கள்! தீய எண்ணம் உடையோருக்கு மட்டும் கூறப்பட்ட அறிவுரையன்று இது. எண்ணம் தூய்மையாயினும் கை தவறும்.

2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடந்த வேளையில், தளத்திற்கு அப்பால் ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அச்சிறுவன் இறந்துபோனான். பயிற்சி பெற்றோர் சுடும் இடத்தருகிலேயே இந்நிலை என்றால், விளையாட்டுப் பிள்ளையின் கையில் என்னாகும்?

ஆகவே பிள்ளைகளுக்கு இவற்றைக் கற்பியுங்கள். பொம்மையாயினும் மனிதரை நோக்கி நீட்டலாகாது. மெய்யான துப்பாக்கியையோ, பன்றிக்கு வைத்த வெடிகாயையோ கண்டால் தொடாமல் நின்று, தோழர்களையும் அழைத்துக்கொண்டு விலகி, உடனே பெரியவரிடம் சொல்லவேண்டும். "உள்ளே குண்டு இல்லை" என்று எவர் கூறினும் நம்பலாகாது. சொல்ல வரும் பிள்ளையை, "அங்கே ஏன் போனாய்?" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் மறுமுறை சொல்லமாட்டான்.

பெரியவர்களின் கடமை இன்னும் பெரிது. துப்பாக்கியில் மருந்தோ குண்டோ இல்லாதபடி நீக்கி, பூட்டிவையுங்கள். மருந்தையும் குண்டையும் வேறிடத்தில் பூட்டுங்கள். உயரமான பரண் பூட்டாகிவிடாது.

அன்று அம்மாணவனை அருகழைத்து, முனையைத் தரையை நோக்கித் தாழ்த்தச் சொன்னேன். மறுநாள் மதரஸாவில் அந்நபிமொழியே பாடமாயிற்று. மாலையில் அவன் தன் தம்பியின் கையைப் பிடித்து, "கீழே பார்த்துப் பிடிடா" என்று திருத்தக் கண்டேன்.

வல்ல அல்லாஹ் நம் மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.