ஒதுக்கிவைத்த கணினியும் கூடத்துத் தொலைக்காட்சியும்

 

நம் வீடுகளின் பரண்களிலும் அலமாரிகளின் அடித்தட்டுகளிலும் பழைய கணினிகள் பல முடங்கிக் கிடக்கின்றன. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கியது ஒன்று. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது ஒன்று. அரசுப் பள்ளியில் விலையின்றிக் கிடைத்த மடிக்கணினி ஒன்று. வேகம் குறைந்துவிட்டது என்பதற்காக அவற்றை ஒதுக்கிவிட்டோம். அதே வேளையில், கூடத்துத் தொலைக்காட்சியில் இணையம் வராது என்று கூறி, புதிய ஸ்மார்ட் டிவியைத் தவணையில் வாங்க ஆலோசிக்கிறோம். இவ்விரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தாலே நம் தேவை பெரும்பாலும் நிறைவேறிவிடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இது வெறும் மின்சாதனப் பேச்சு அன்று. வீண்விரயம் செய்வோரை இறைமறை எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அல்இஸ்ரா அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தை ஓதும் ஒவ்வொருவரும் அறிவர். நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். பயன்படும் பொருளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது வறுமையின் அடையாளமன்று. அது ஸுன்னத்தான பண்பு. மேலும், அந்தப் புதிய தொலைக்காட்சியின் தவணையில் வட்டி சேர்ந்திருக்குமானால், தேவையற்ற ஒன்றுக்காகப் பெரும் பாவத்தின் வாசலில் போய் நிற்கிறோம்.

இணைக்கும் முறை கடினமானதன்று. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கும். ஒரே கேபிளில் படமும் ஒலியும் சென்றுவிடும். அதைவிடப் பழைய கணினிகளில் பதினைந்து ஊசிகள் கொண்ட, பெரும்பாலும் நீல நிறமுள்ள விஜிஏ இணைப்பே இருக்கும். அது 1987இல் வந்தது; படத்தை மட்டுமே கடத்தும், ஒலியைக் கடத்தாது. தொலைக்காட்சியிலும் விஜிஏ துளை இருந்தால், விஜிஏ கேபிளோடு ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஆடியோ கேபிளையும் இணைத்தால் போதும். தொலைக்காட்சியில் ஹெச்டிஎம்ஐ மட்டுமே இருந்தால், விஜிஏவை ஹெச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு கருவி தேவை. கடைகளில் இதற்கு நேர்மாறான கருவியும் அதே தோற்றத்தில் விற்கப்படுகிறது. அது நமக்கு உதவாது. கணினி விஜிஏ, தொலைக்காட்சி ஹெச்டிஎம்ஐ என்பதைத் தெளிவாகக் கூறியே வாங்க வேண்டும்.

இணைத்த பின் தொலைக்காட்சியின் ரிமோட்டில் உரிய உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்து, கணினியில் விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், படம் எந்தத் திரையில் தெரிய வேண்டும் என்று கேட்கும். படம் வந்தும் ஒலி வராவிட்டால் அஞ்ச வேண்டாம். கணினியின் ஒலி அமைப்பில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இணையக் காணொளி தடங்கித் தடங்கி ஓடினால் தரத்தை 720 அல்லது 480க்குக் குறைத்துக்கொள்ளலாம். பென்டிரைவிலும் ஹார்டு டிஸ்கிலும் உள்ளவற்றை, கட்டணமில்லாமல் கிடைக்கும் விஎல்சி மென்பொருள் பழைய கணினியிலும் பெரும்பாலும் தடையின்றி ஓட்டிக்காட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, கணினித் திரையில் திறப்பதெல்லாம் கூடத்திலுள்ளோர் அனைவருக்கும் தெரியும். பிறர் நம்மை நம்பி அனுப்பிய செய்தியும் படமும் அமானிதம். ஆகவே தனிப்பட்ட கணக்குகளை அக்கணினியில் திறந்து வைக்கலாகாது. இரண்டாவது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டது. எனவே வங்கிப் பரிமாற்றம் போன்றவற்றை அவற்றில் செய்யாமல் இருப்பதே அறிவுடைமை.

"திரையையே வீட்டுக்குள் வரவிடக் கூடாது என்று சொல்ல வேண்டிய நீங்களே இதற்கு வழி சொல்கிறீர்களே!" எனச் சில பெரியவர்கள் கேட்கக்கூடும். அவர்களின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் நாம் காணும் நிலை என்ன? திரை எப்போதோ வீட்டுக்குள் வந்துவிட்டது. அதுவும் ஒவ்வொருவர் கைக்கும் தனித்தனியாக. மகன் மாடியில், மகள் அறையில், வாப்பா திண்ணையில், உம்மா அடுக்களையில். யார் எதைப் பார்க்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. மக்தபுக்கு வரும் சிறார்களிடம், "நேற்றிரவு வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், பலருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கூடத்தில், பெரியவர்கள் முன்னிலையில் உள்ள ஒரு திரை, போர்வைக்குள் ஒளியும் ஐந்து திரைகளைவிடப் பாதுகாப்பானது. அங்கே எதைப் பார்ப்பது என்று கலந்து பேச வேண்டியிருக்கிறது; எப்போது அணைப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பாங்கு சொன்னதும் ஒரு கை நீண்டு நிறுத்திவிடுகிறது. கைப்பேசியின் சிறு எழுத்து தெரியாத வாப்பும்மாவும் அங்கே அமர்ந்து பயான் கேட்க முடிகிறது. ஹார்டு டிஸ்கில் யாரும் பாராமல் கிடக்கும் குடும்ப நிகழ்வுகளை, மறைந்துவிட்ட பெரியவர்களின் குரலை, பேரப்பிள்ளைகள் கேட்க முடிகிறது. அவர்களுக்காக துஆச் செய்யவும் அதுவே தூண்டுகோலாகிறது.

பழைய கணினியால் எல்லாமே ஆதாயம் என்று நாம் சொல்லவில்லை. மேசைக்கணினி மின்சாரத்தைக் கூடுதலாகவே உண்ணும்; பார்த்து முடித்ததும் முழுமையாக அணைத்துவிட வேண்டும். உயிர்பெறவே முடியாத அளவுக்குப் பழுதானதை வைத்துக்கொண்டும் பயனில்லை. ஆனால் அதைக் காயலான் கடையில் போட்டால், செம்புக்காகக் கம்பிகளை எரிக்கும் புகையாக அது மாறக்கூடும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் ஏறத்தாழ 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பூமியைப் பாழாக்காதிருக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

ஆகவே, அடுத்த தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் பரணை ஒருமுறை பாருங்கள். தூசு துடைத்து, கேபிளின் முனையைச் சரிபார்த்து, பிள்ளைகளையே இணைக்கச் சொல்லுங்கள். எஞ்சும் பணத்தில் ஒரு பங்கைத் தேவையுள்ள உறவினருக்குக் கொடுங்கள். நம் பொருளிலும் நேரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.