கேதாரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால்

என் மாமியார் இருந்தவரை ஒரு வருஷம்கூட கேதாரகௌரி நோன்பை விட்டதில்லை. இருபத்தோரு அதிரசம், இருபத்தோரு இழைக் கயிறு என்று எல்லாம் கணக்காக நடக்கும். "அந்தக் கேதாரத்தை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்ளா" என்பார். பார்க்காமலே போய்விட்டார். அவர் கடைசியாகக் கட்டிய நோன்புக் கயிற்றை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தேன். சென்ற மே மாதம் நானும் என் கணவரும் கேதார்நாத் கிளம்பியபோது அந்த முடிச்சும் பெட்டியில் ஏறியது. செலவுக்கு, மூன்று வருஷம் கட்டிய சீட்டுப் பணம்.

நெல்லை ஜங்ஷனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் டில்லி வரை வண்டி மாற வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் முதல் நாளைப் பார்த்துக்கொண்டன. ரிஷிகேசத்திலிருந்து ஒரே நாள் ஜீப் பயணம். ருத்ரபிரயாகையில் அலக்நந்தாவோடு மந்தாகினி வந்து கலக்கும் இடத்தைப் பார்த்ததும், "நம்ம சீவலப்பேரில சித்தாறு வந்து சேருமே, அது மாதிரிதான். ஆனா என்ன இரைச்சல்!" என்றார் இவர். அன்று இரவே கௌரிகுண்டம் சேர்ந்துவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தவறு என்று அப்போது தெரியவில்லை.

கௌரிகுண்டம் ஆறாயிரத்து ஐந்நூறு அடி உயரம். நம் பொதிகை மலை உச்சியே 6,100 அடி சொச்சம்தான். பொதிகை முடிகிற உயரத்துக்கும் மேலேதான் கேதார நடையே ஆரம்பிக்கிறது! அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏறி, 11,700 அடிக்குப் போக வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். குதிரை, டோலி, முதுகுக்கூடை என்று எல்லாவற்றிலும் ஆட்கள் போகிறார்கள். இவரோ, "பாணதீர்த்தம் வரைக்கும் நடந்தவன் நான், எனக்கா குதிரை?" என்றார்.

வழியெல்லாம் அழகு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ராம்பாரா என்ற ஊர் இருந்த இடத்தில் வெறும் பாறைகள். 2013 ஜூன் வெள்ளம் அந்த ஊரையே துடைத்துக்கொண்டு போய்விட்டது. அதன்பின் பாதையை ஆற்றின் மறுகரைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்குப் பேச்சே வரவில்லை.

அதற்குமேல்தான் இவரும் பேச்சை நிறுத்தினார். நான் கவனிக்கவில்லை. ஒரு கடையில் கிச்சடி வாங்கினோம். பருப்பு நெறுநெறுவென்று இருந்தது. (உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி குறையும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாது.) நான் எப்படியோ விழுங்கினேன். இவர் தட்டை அப்படியே தள்ளிவிட்டார். எதைக் கொடுத்தாலும் வழித்துச் சாப்பிடுகிறவர், ஐயா! எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

"என்னங்க, தலை வலிக்குதா?"

"லேசா. வெயில்தான்."

சிறிது தூரத்தில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நடை வேறு தள்ளாடியது. லின்சோலியில், பத்தாயிரம் அடியைத் தாண்டிய இடத்தில், ஒரு வைத்தியக் கூடாரம் இருந்தது. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பையன். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கோடு போட்டு, குதிகாலோடு மறு கால் விரலை ஒட்டிவைத்து நடக்கச் சொன்னார். நாலு அடிக்குள் இவர் சாய்ந்தார்.

காற்றில் பிராணவாயு குறைவதால் வரும் மலைநோய் இது. எட்டாயிரம் அடிக்கு மேல் யாருக்கும் வரலாம், திடகாத்திரமானவர்களுக்கும் வரும். முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. முதல் மருந்து கீழே இறங்குவதுதான். டாக்டர் கையால் கீழே காட்டியதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

இவருக்குக் கோபம். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்கூட இல்ல. அம்மாவுக்காக வந்திருக்கோம். நீ பயந்தாங்குளி!" நாலு பேர் பார்க்க அப்படிக் கத்தியது இருபத்து மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்தது. "அத்தை இருந்தா உங்களை மேல போகச் சொல்வாங்களா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. குதிரையில் ஏறிக்கொண்டார்.

குதிரைக்காரப் பையனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, "பாபுஜி டீக்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தான். பாதி வழி இறங்கும்போதே இவருக்குத் தலைவலி குறைந்தது. இருட்டும் நேரத்தில் கௌரிகுண்டத்தில் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். "கொஞ்சம் கருப்பட்டி சேர்த்துப் போடேன்" என்றார். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் ஓய்வு. அதற்கு மறுநாள், சோன்பிரயாகைக்கு அருகிலுள்ள திரியுகிநாராயண் கோயிலுக்குப் போனோம். சிவபார்வதி கல்யாணம் நடந்த இடம் என்கிறார்கள். அணையாத ஹோமகுண்டம் இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடியதால் பூமி சாய்ந்ததும், அதைச் சரிசெய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பியதும், அவருக்கு நம் பாபநாசத்தில் கல்யாணக் காட்சி கிடைத்ததும் மாமியார் சொல்லிக் கேட்ட கதைதான். "ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு ஊர்லயும் ஆஜர் ஆயிட்டோம்" என்று இவர் சிரித்தார். முந்தாநாள் கத்தியதற்கு அதுதான் மன்னிப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

உங்களில் யாராவது போவதானால், குப்தகாசியிலோ கௌரிகுண்டத்திலோ இரண்டு இரவாவது தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு ஏறுங்கள். ரத்தக்கொதிப்போ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலைநோய்க்கு முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரையும் உண்டு, ஆனால் அவர் சொல்லாமல் வாங்கி விழுங்காதீர்கள். தூக்க மாத்திரை கூடவே கூடாது. கணவர் "ஒண்ணுமில்லை" என்றால் நம்பாதீர்கள், தட்டைப் பாருங்கள்.

நோன்புக் கயிற்றைத் திரியுகிநாராயணிலேயே வைத்துவிடலாமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது மறுபடி மஞ்சள் துணிக்குள் என் பெட்டியில்தான் இருக்கிறது. புதிதாக ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறேன்.