ஜெர்மன் பிள்ளைக்குச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைக்கு மானியமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு வழக்கு தொடர்பாக ஜெர்மன் பொறியியலாளர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்தவர். மூன்றாண்டு ஒப்பந்தம். குடும்பம் பெட்டாலிங் ஜெயாவில். வார இறுதியில் போய் வருவார்.

வேலை முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, "அடிக்கடி நாடு மாறுகிறீர்களே, பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகிறது?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "இங்கே ஜெர்மன் பள்ளியில் படிக்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் அடுத்த வகுப்பில் உட்காருவார்கள். இதில் ஆவதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

அதே வாரம் என் மேசையில் வேறொரு கோப்பு கிடந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். தோட்டம் கைமாறிவிட்டது. புதிய முதலாளியின் வழக்கறிஞர் பள்ளி வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி இத்தனை காலமும் நில உரிமையாளரின் தயவில் இருந்ததாம்; அந்தத் தயவு முடிந்துவிட்டதாம். மூன்று தலைமுறை படித்த பள்ளி, சட்டத்தின் கண்ணுக்கு வந்து தங்கிய விருந்தாளி!

ஒரு பக்கம், மூன்றாண்டு தங்கப் போகிறவரின் பிள்ளை. அவன் படிப்புக்கு ஒரு நாடே பொறுப்பு. மறுபக்கம், இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை. அவன் படிப்புக்கு யார் பொறுப்பு?

ஜெர்மனி என்ன செய்கிறது?

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் கோலாலம்பூர் ஜெர்மன் பள்ளி 1979-ல் தொடங்கியது. உலகெங்கும் இப்படி 130-க்கும் மேற்பட்ட ஜெர்மன் பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை அந்தந்த ஊரில் உள்ள சங்கங்களே நடத்துகின்றன. பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். அது சிறிய தொகையல்ல. ஆனால் ஜெர்மன் அரசு "காசு உன்னுடையது, பிள்ளை உன்னுடையது, நீயே பார்த்துக்கொள்" என்று ஒதுங்கிக் கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பள்ளிகளுக்காகவே 1968-ல் ஒரு மத்திய அலுவலகத்தை அமைத்தது. அந்த அலுவலகம் ஜெர்மனியிலிருந்து ஆசிரியர்களை அனுப்புகிறது, பணம் தருகிறது, தரத்தைப் பார்க்கிறது. அங்கே முடிக்கும் தேர்வு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு நுழைவுச்சீட்டு.

ஒரு வழக்கறிஞனாக என்னைக் கவர்ந்தது கட்டடமோ பணமோ அல்ல. நீண்ட காலம் இந்த உதவியும் அரசாங்கம் விரும்பிக் கொடுக்கும் மானியமாகத்தான் இருந்தது. இந்த ஆண்டு வரும். அடுத்த ஆண்டு வருமா என்று தெரியாது. அந்த நிலையை மாற்ற 2013-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் வெளிநாட்டுப் பள்ளிகள் சட்டத்தை இயற்றியது. 2014 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. சட்டம் சொல்லும் நிபந்தனைகளை ஒரு பள்ளி நிறைவேற்றினால், உதவி பெறுவது அதன் உரிமை. ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக் கணக்கில் உறுதி தரப்படுகிறது. அமைச்சரின் மனநிலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

தயவு உரிமையானது. நமக்கு வேண்டிய பாடம் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

துரையின் பிள்ளையும் கூலியின் பிள்ளையும்

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

பேராக் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நிர்வாகங்கள் வைத்தன. எப்படி? ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். படித்தால் பிள்ளை தோட்டத்தை விட்டுப் போய்விடும் என்ற பயம் நிர்வாகத்துக்கு. எண்ணத் தெரிந்தால் போதும், பால் வாளியைச் சரியாகக் கணக்குக் கொடுப்பான் என்ற கருணை!

தங்கள் பிள்ளைகளுக்கு அதே துரைமார்கள் என்ன செய்தார்கள்? 1955-ல் அவர்களுடைய சங்கமான இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளாண்டர்ஸ், பினாங்கு மலை உச்சியில் பழைய கிராக் ஹோட்டல் கட்டடத்தில் அப்லண்ட்ஸ் பள்ளியைத் தொடங்கியது. பிள்ளை ஊர் திரும்பும்போது பின்தங்கிவிடக் கூடாது, தாய்மொழியில் நன்றாகப் படிக்க வேண்டும் என்ற நியாயமான கவலை. அந்தப் பள்ளி இன்று பினாங்கில் பெயர் பெற்ற அனைத்துலகப் பள்ளி. கீழே லயத்தில் கொட்டகைப் பள்ளியாக ஆரம்பித்தவை இன்று "குறைந்த மாணவர் பள்ளி" என்ற பட்டியலில்.

துரையும் ஒப்பந்தத்தில் வந்தவர். நம் தாத்தாவும் ஒப்பந்தத்தில் வந்தவர். ஒருவருக்குப் பெயர் வெளிநாட்டு நிபுணர். மற்றவருக்குப் பெயர் கூலி. பிள்ளைகளின் பள்ளியும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அமைந்தது.

நமக்கு எது பெர்லின்?

"ஜெர்மன் பள்ளிக்கு ஜெர்மன் அரசு கொடுக்கிறது, உங்கள் பள்ளிக்கு இந்தியாவிடம் போய்க் கேளுங்கள்" என்று சிலர் கிண்டல் செய்வார்கள். அவர்களுக்கு ஒரே பதில். ஜெர்மன் பிள்ளைக்கு பெர்லின் இருக்கிறது. ஜப்பானியப் பிள்ளைக்கு தோக்கியோ இருக்கிறது. நமக்கு இருப்பது புத்ராஜெயா மட்டும்தான். வேறு தாய்நாடு நமக்கு இல்லை. வரி இங்கேதான் கட்டுகிறோம். இந்த நாட்டு ரப்பரில் எங்கள் பாட்டிமார்களின் வியர்வை இருக்கிறது. ஆகவே பெர்லின் தன் பிள்ளைக்குச் செய்வதை புத்ராஜெயா தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். இருப்பதைப் படித்தாலே போதும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 12-வது விதி, கல்விக்குப் பொதுப் பணத்திலிருந்து உதவி தரும்போது இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் என்பதை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 152-வது விதி தேசிய மொழியை நிலைநிறுத்தும் அதே இடத்தில், மற்ற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்க முடியாது என்கிறது. பிற சமூகத்தின் மொழியைக் காத்து வளர்க்க மத்திய, மாநில அரசுகளுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது.

1996 கல்விச் சட்டத்தின் 28-வது பிரிவு, தேசியப் பள்ளிகளையும் தேசிய வகைப் பள்ளிகளையும் அமைச்சர் நிறுவலாம், அவற்றைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. "லாம்" என்பது விருப்பம். "வேண்டும்" என்பது கடமை. அதே சட்டத்தின் 2-வது பிரிவு, அரசு உதவி பெறும் கல்விக்கூடம் என்றால் மூலதன மானியமும் முழு உதவி மானியமும் பெறுவது என்று விளக்குகிறது. மூலதன மானியம் என்றால் கட்டடம், விரிவாக்கம், தளவாடம். "பகுதி உதவி" என்ற சொல் அந்த விளக்கத்தில் இல்லை. ஆனால் பேராக்கில் உள்ள 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் எத்தனை பள்ளிகளின் வாசலில் அந்தச் சொல் பல்லாண்டுகளாகக் காவல் நிற்கிறது! கட்டடம் கேட்டால், "நிலம் அரசாங்கத்துடையது அல்ல" என்று பதில். நிலம் கேட்டால், "அது தோட்டத்து விவகாரம்" என்று பதில்.

ஒற்றுமைக்கு யார் கேடு?

தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி இருப்பதால்தான் ஒற்றுமை இல்லை என்று ஒரு கூட்டம் நீதிமன்றம் வரை போனது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், இப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதைக் கவனியுங்கள். தமிழ்ப்பள்ளி தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. தேசிய மொழி கட்டாயப் பாடம். காலையில் நெகாராகூ பாடுகிறார்கள். அனைத்துலகப் பள்ளிகளோ வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் நடப்பவை. அங்கே மலேசியப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று இருந்த வரம்பும் 2012-ல் எடுக்கப்பட்டது. இன்று வசதி படைத்த எல்லா இனத்தவரும், தலைவர்கள் சிலரும்கூட, பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள். அதனால் ஒற்றுமை கெட்டது என்று யாரும் வழக்குப் போடவில்லை. பல்லாயிரம் ரிங்கிட் கட்டி வேறு மொழியில் படித்தால் உலகத் தரம். இலவசமாகத் தாய்மொழியில் படித்தால் பிரிவினையா?

ஜெர்மனியைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும் நான் சொல்லவில்லை. 1961 ஒப்பந்தத்தின்படி துருக்கியிலிருந்து கூலிகளை வரவழைத்த நாடு அது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தன் பிள்ளைக்கு எது தேவை என்று நன்றாகத் தெரிந்த அரசு, கூலியின் பிள்ளை என்று வந்ததும் தடுமாறுகிறது. நமக்கு இது பழகிய கதைதான். தாய்மொழிக் கல்வி தேவையா இல்லையா என்பது கேள்வியே அல்ல. தேவை என்பது எல்லா அரசுக்கும் தெரியும். யாருடைய பிள்ளைக்கு என்பதில்தான் சண்டை.

செய்ய வேண்டியது

சுதந்திரத்தின்போது 800-க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கும் குறைவு. தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. மக்கள் போனார்கள், பள்ளிகள் போயின. மிஞ்சிய பல பள்ளிகளின் பெயரில் மட்டும் "லாடாங்" இருக்கிறது. சுற்றிலும் தோட்டம் இல்லை.

ஆகவே பள்ளி வாரியங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் நான் சொல்வது:

முதலாவது, நில அலுவலகத்துக்குப் போய் உங்கள் பள்ளி நிற்கும் நிலத்துக்குத் தேடல் செய்யுங்கள். சிறிய கட்டணம்தான், யாரும் செய்யலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் கூரைக்கு வண்ணம் அடிப்பதில் பயனில்லை.

இரண்டாவது, தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாக மாற வேண்டுமானால் மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். 1965 தேசிய நிலச் சட்டத்தின்படி, அந்த நேரத்தில் பொதுத் தேவைக்கு நிலத்தை ஒப்படைக்குமாறு நிபந்தனை போட மாநில அரசால் முடியும். அப்போது பேசாமல், மண்வாரி இயந்திரம் வந்த பிறகு கூச்சல் போட்டால் காலம் கடந்துவிடும்.

மூன்றாவது, நிறுவனம் விட்டுக்கொடுக்க மறுத்தால் 1960 நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கத் தெரிந்த அரசுக்குப் பள்ளிக்கு எடுக்கத் தெரியாதா? நில விவகாரம் மாநிலத்தின் கையில். ஆகவே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மாலை போட்டுப் படம் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நான்காவது, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் "தமிழ்ப்பள்ளிகளுக்கு இத்தனை மில்லியன்" என்று அறிவித்தால் கைதட்டுவதை நிறுத்துவோம். எந்தப் பள்ளிக்கு, எந்த அடிப்படையில், அடுத்த ஆண்டும் உண்டா என்று கேட்போம். ஜெர்மானியர் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததுபோல, நிபந்தனையும் தொகையும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன் 1954-ல் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். நிலம் கையில் இல்லாவிட்டால் எதுவும் நிலைக்காது என்பதை எழுத்தறியாத பால்வெட்டும் தாயும் அன்றே புரிந்துகொண்டு, அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தாள்.

அந்தத் தாயின் பேரன் இன்று வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர். அவன் படித்த பள்ளிக்குக் கடிதம் வந்திருக்கிறது, தயவு முடிந்தது என்று. பதில் எழுத வேண்டியது நாம். எங்களுக்கு யாருடைய தயவும் வேண்டாம். சட்டத்தில் உள்ளதைக் கொடுங்கள் என்று எழுதுவோம்.