ஒன்பதாம் இலக்கம் எங்கே?

உதைபந்தாட்டத்தில் கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். ஏமாந்த பின்காவலனையோ ஊரே ஏசும். அவ்வேச்சு எப்பொழுதும் நியாயமானதன்று. எதிராளி தன் உடலால் ஏமாற்றுவது ஒருவகை. அவனுடைய அணி முழுவதும் சேர்ந்து ஏமாற்றுவது வேறுவகை. இவ்விரண்டும் ஒரே ஆட்டத்தில் அரங்கேறியதுண்டு.

1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை ஹங்கேரி எதிர்த்தது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்த எந்த நாட்டிடமும் இங்கிலாந்து அதுவரை தன் மண்ணில் தோற்றதில்லை. அக்காலத்தில் சட்டையின் இலக்கமே ஆட்டக்காரரின் இடத்தைச் சொல்லிவிடும். 9 அணிந்தவர் நடு முன்னணி வீரர். 5 அணிந்த நடுக்காவலர் அவரை நிழல்போலத் தொடரவேண்டும். ஆனால் ஹங்கேரியின் 9ஆம் இலக்கத்தவரான ஹிடெக்குட்டி முன்னே வந்து நில்லாமல், மைதானத்தின் நடுப்பகுதியிலேயே பின்தங்கி உலாவினார்.

இங்கிலாந்தின் நடுக்காவலர் ஹரி ஜோன்ஸ்டன் என்செய்வார்? அவரைத் தொடர்ந்து போனால் கோலுக்கு முன்னே பெருவெளி திறந்துவிடும். அதனுள் புஷ்காஷும் கொச்சிஷும் பாய்வார்கள். தம்மிடத்தில் நின்றாலோ ஹிடெக்குட்டி தடுப்பாரின்றிப் பந்தை வாங்கித் திரும்புவார். முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டியின் கோல் விழுந்தது. அவர் மட்டும் மூன்று கோல்கள் அடித்தார். ஹங்கேரி 6-3 என வென்றது. ஜோன்ஸ்டன் அதன்பின் இங்கிலாந்துக்காக ஆடவேயில்லை.

அணித்தலைவர் பில்லி ரைட் ஏமாந்தது வேறுவிதம். கோலருகே பந்துடன் நின்ற புஷ்காஷை நோக்கி அவர் முழுவேகத்தில் பாய்ந்தார். புஷ்காஷ் இடது பாதத்தின் அடியாற் பந்தைப் பின்னே இழுத்துக்கொள்ள, ரைட் வெறுவெளியைத் தாக்கிக் கடந்துபோனார். அடுத்த கணம் பந்து வலைக்குள்! நெருப்பில்லாத திசைக்கு விரையும் தீயணைப்பு வண்டியை அவருக்கு உவமை கூறினார் ஒரு பத்திரிகையாளர்.

இவ்வகை ஏமாற்றத்துக்குப் பயிற்சியில் மருந்துண்டு. எதிராளியின் கால் பொய் சொல்லும். கண்ணும் தோளும் பொய் சொல்லும். இடுப்பு அவ்வளவு எளிதிற் பொய் சொல்லாது. உடலின் பாரம் அங்கேயல்லவா இருக்கின்றது? ஆகவே பந்திலும் இடுப்பிலும் பார்வையை வைத்து, சற்றே பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடித்து, எட்டியும் எட்டாத தூரத்திற் பின்னடைந்துகொண்டிருத்தல் வேண்டும். பந்து அவன் காலைவிட்டுச் சிறிது விலகும் கணமே பாய்வதற்குரிய கணம். மாணவர் பலர் அதற்கு முன்னரே பாய்ந்துவிடுகின்றனர்; வேலிக்கு வெளியே நின்று கூச்சலிடும் நாமும் அதற்கொரு காரணம்.

ஜோன்ஸ்டனுக்கோ எத்துணைக் கூரிய பார்வையும் உதவியிராது. எதிராளியை அவர் கண்டுகொண்டுதான் இருந்தார். அவரைப் பொறுப்பேற்பவர் யார் என்பதே அணியில் தீர்மானமாகவில்லை. 1954 மே மாதம் புடாபெஸ்ட் நகரில் இங்கிலாந்து வேறொரு நடுக்காவலரை நிறுத்திப் பார்த்தது. 7-1 எனத் தோற்றது.

அவ்வாண்டு யூலை 4ஆம் நாள் பேர்ண் நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். மேற்கு ஜேர்மனியின் பயிற்றுநர் ஹெர்பேர்கர், ஹிடெக்குட்டியைத் தொடரும் வேலையை நடுக்களத்து இளைஞரான ஹோர்ஸ்ட் எக்கெலிடம் ஒப்படைத்தார். நடுக்காவலர் தம்மிடத்தை விட்டு அலையவேண்டிய தேவை ஏற்படவில்லை. முதல் எட்டு நிமிடங்களில் இரண்டு கோல்கள் வாங்கியும் ஜேர்மனியர் 3-2 என வென்றனர். ஹிடெக்குட்டி அன்று கோல் எதுவும் அடிக்கவில்லை.