காடும் நிலைக்க வேண்டும், தீயும் அடங்க வேண்டும்: கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், வனத்துறைக்கும், திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும், எங்கள் வாக்கைப் பெற்றுச் சென்ற மக்கள் பிரதிநிதிகளுக்கும், மேல்மலைக் கிராமங்களிலும் கொடைக்கானல் நகரிலும் வாழும் நாங்கள் எழுதிக்கொள்வது.

பழனி மலைத்தொடரில் சுமார் 609 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் சரணாலயம் என்ற பெயர் மட்டும் போதாது. அதற்குள் சோலையும் மலைப்புல்வெளியும் இன்னும் மிஞ்சியிருக்கும் பகுதிகள் உண்டு. பேரிஜம் ஏரியின் சுற்றுவட்டம், மதிகெட்டான் சோலை, குக்கல் சோலை, வரையாடு மேயும் செங்குத்துப் பாறை விளிம்புகள் ஆகியவை அவற்றுள் சில. இவற்றைத் தேசியப் பூங்காவாக அறிவித்து, புதிய சாலையோ விடுதியோ வணிகத் தோட்டமோ நுழையாத இடமாக என்றைக்கும் காக்க வேண்டும். இந்தச் சாசனத்தின் தலைக்கோரிக்கை இதுதான்.

இதைப் பற்றி ஊருக்குள் பேசப் போனால் முதலில் எழும் கேள்வி தீயைப் பற்றியது. "பூங்கான்னு சொல்லிக் கேட்டைப் பூட்டிருவாங்க. தீப்பிடிச்சா யாரு உள்ள போயி அணைக்கிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2018 மார்ச் 11ஆம் தேதி பக்கத்துப் போடி மலையில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்தவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை அன்று நாடே பார்த்தது. நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கோடையில் புகை மூட்டத்துக்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், தீ பூண்டு வயலின் வரப்புவரை வந்து நின்றதைக் கண்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்துக்குப் பதில் சொல்லாமல் காட்டைக் காப்போம் என்று பேச எங்களுக்கு வாய் வராது.

ஆகவே எது எரிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அது ஓய்ந்ததும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். பனியில் கருகிய புல், பிப்ரவரி வெயிலில் தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். அதில் ஒரு பொறி விழுந்தால் போதும். ஆனாலும் மேற்புறம் கருகினாலும் மலைப்புல்லின் வேர் மண்ணுக்கடியில் பிழைத்துக்கிடக்கும். கோடை மழை இரண்டு பெய்தால் பச்சை துளிர்க்கும். சோலையின் கதை வேறு. அதன் தரை ஈரம், பாசி படர்ந்த மரம், மட்கிய இலை. சரிவில் ஓடிவரும் தீ பெரும்பாலும் சோலையின் ஓரத்திலேயே தணிந்துவிடும்.

நாள்கணக்கில் எரிந்து ஆளை அண்டவிடாமல் செய்வது நட்டு வளர்த்த அயல் மரக்காடுகள்தான். பைன் மரத்தடியில் நின்று பாருங்கள்: செருப்பு மூழ்கும் அளவுக்கு ஊசியிலை மெத்தையாகக் கிடக்கும், அதனடியில் வேறொன்றும் முளைக்காது. மேலே அணைத்துவிட்டோம் என்று திரும்பினால், அந்த மெத்தைக்குள் கங்கு கனன்று மறுநாள் இன்னோரிடத்தில் புகையும். யூக்கலிப்டஸ் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். எரியும் பட்டையைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் ஓடைக்கு அப்பால் போடும். தோல் பதனிடவும் காகிதக்கூழுக்கும் என்று நடப்பட்ட வாட்டில் மரத்தின் விதையோ பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக்கிடந்து, தீயின் சூடு பட்டதும் கொத்துக் கொத்தாக முளைக்கும். தீ வரவர அதன் காடு பெருகும். இந்த மரங்களை எங்கள் முன்னோர் நடவில்லை. வெள்ளையர் காலத்திலும் அதன் பிறகும், புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதிய அரசுகள் நட்டவை இவை. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, பழனி மலைகளின் புல்வெளியில் 66 சதவீதமும் சோலையில் 31 சதவீதமும் மறைந்துவிட்டதாகச் சொல்கிறது.

தீக்கு அஞ்சுகிறவரும் காட்டுக்காகப் பேசுகிறவரும் கேட்க வேண்டியது ஒன்றே என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

முதலாவதாக, மேலே சொன்ன பகுதிகளை 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி தேசியப் பூங்காவாக்குங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், இதே மலையின் தொடர்ச்சியில், ஆனமுடி சோலையும் பாம்பாடும் சோலையும் தேசியப் பூங்காக்களாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கேரளத்தில் நின்று பார்த்தால் பூங்காவாகத் தெரிவது தமிழ்நாட்டில் கால் வைத்ததும் ஏன் குறைந்துபோக வேண்டும்? பேரிஜம் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது. வைகைக்கும் அமராவதிக்கும், பழனி வட்டாரத்தை நனைக்கும் பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்கும் இந்த மலையிலிருந்து நீர் இறங்குகிறது. புல்வெளியையும் சோலையையும் இழந்தால் கீழே உள்ளவர்களும் சேர்ந்தே இழப்பார்கள்.

ஆனால் அறிவிப்புக்கு முன் ஒரு கடமை இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி பளியர் உள்ளிட்ட மலைமக்களின் உரிமைகளைக் கிராம சபைகளில் கேட்டு, பதிந்து, பட்டயமாகக் கையில் கொடுத்த பிறகே எல்லைக்கல் நடப்பட வேண்டும். தேனெடுக்கும் பாறையையும் தெய்வம் இருக்கும் சோலையையும் ஒருவரிடமிருந்து பறித்துவிட்டு, அந்தக் காட்டில் எழும் தீயை அணைக்க அவரையே கூப்பிடுவது அறமாகாது. இதில் அவசரமும் வேண்டாம், இழுத்தடிப்பும் வேண்டாம்.

இரண்டாவது கோரிக்கை தீயணைப்பு பற்றியது. இதற்குத்தான் அதிகப் பணமும் ஆளும் கேட்கிறோம். தீயணைப்பு வண்டி சாலையோடு நின்றுவிடும். அதற்கு மேல் சரிவில் நடப்பது வேறு வேலை: பச்சைத் தழையை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் அனல் வீச, தீயின் விளிம்பை அடித்து அடித்து மடக்க வேண்டும். அதைச் செய்பவர்கள் தினக்கூலிக் காவலர்களும் கேரட் வயலிலிருந்து ஓடிவரும் ஊர்க்காரர்களும். நகரிலிருந்து பூம்பாறை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மன்னவனூரும் கவுஞ்சியும் கிளாவரையும் அதற்கும் அப்பால். உதவி வந்து சேருவதற்குள் ஒரு மலைமுகடு போய்விடும். எனவே மேல்மலையின் ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்த ஊர் இளைஞர்களைக் கொண்ட தீத்தடுப்புக் குழு வேண்டும். ஜனவரி முதல் மே வரை மாதச் சம்பளம், உயிர்க்காப்பீடு, தீத்தாங்கும் உடையும் காலணியும், சருகை ஊதித் தள்ளும் இயந்திரம், வயர்லெஸ் கருவி ஆகியவை அவர்களுக்கு வேண்டும். செயற்கைக்கோள் தரும் தீ எச்சரிக்கை, அதிகாரிகளின் கைப்பேசிக்குப் போகும் அதே நிமிடத்தில் இந்தக் குழுவின் கைப்பேசிக்கும் வர வேண்டும்.

தீத்தடுப்புக் கோடுகளை மார்ச்சில் வெட்டிப் பயனில்லை. உறைபனி தொடங்கும்போதே ஊரைச் சுற்றியும் சாலையோரமும் வெட்டிச் சருகு அகற்ற வேண்டும். புல் முற்றக் காயுமுன் கீற்றுக் கீற்றாகத் தணலாய் எரித்துத் தீயின் வழியை அடைக்கும் முறையை, பெரியவர்களின் அனுபவத்தையும் சூழலியலாளர்களின் ஆலோசனையையும் சேர்த்துச் சில இடங்களில் சோதித்துப் பாருங்கள். தீயணைக்க வண்டி போக வேண்டும் என்ற பெயரில் சோலைக்குள் புதுச்சாலை போடும் யோசனையை மட்டும் நாங்கள் ஏற்க மாட்டோம். இந்த மலையில் தீ பெரும்பாலும் மனிதக் கையிலிருந்துதான் புறப்படுகிறது. சாலை நீண்டால் பீடியும் சிகரெட்டும் சமையல் அடுப்பும் அதன் பின்னாலேயே போகும்.

மூன்றாவதாக, அயல் மரக்காடுகளைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற 2022இல் அரசே கொள்கை வகுத்திருக்கிறது. அதை ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து மொட்டையடித்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறோம். பழைய வாட்டில் காடுகளின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து நிற்கின்றன. அங்கே கோடரி வைத்தால் வரும் சோலையும் போய்விடும். அந்த இடங்களை விட்டுவிடுங்கள். ஊர்களை ஒட்டியிருக்கும் பைன், யூக்கலிப்டஸ் காடுகளில் தொடங்குங்கள். வெட்டிய மரத்தை ஏற்றிக்கொண்டு கொம்பையும் தழையையும் அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்தக் குவியல்தான் அடுத்த கோடையின் எரிபொருள். முளைக்கும் வாட்டில் கன்றைக் கையால் பிடுங்கும் வேலையை ஆண்டுக்காண்டு தொடர வேண்டும், அதை மேல்மலைப் பெண்களுக்கு நிலையான வேலையாகத் தர வேண்டும். ஆனமுடி சோலையின் பழத்தோட்டம் பகுதியில், தீயில் போன வாட்டில் காட்டின் இடத்தில் கேரள வனத்துறையும் அந்த ஊர்மக்களும் சேர்ந்து புல்வெளியை மீட்டார்கள். இங்கிருந்து போய்ப் பார்த்துவர ஒரு பகல் போதும்.

நான்காவது, கேட்பாரற்ற பட்டா நிலம். சமவெளியில் இருப்பவர்கள் வாங்கிப் போட்டுவிட்டு எட்டிப்பார்க்காத நிலங்களில் புதர் மண்டிக் கிடக்கிறது. அங்கே பற்றும் தீ காட்டுக்குப் பரவுகிறது. அதற்குள் இது வருவாய்த்துறை நிலமா, வனமா என்ற பேச்சில் நேரம் போகிறது. ஜனவரிக்குள் புதர் அகற்றாத உரிமையாளருக்கு அபராதமும், ஊராட்சியே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்கும் அதிகாரமும் வேண்டும். தீ எந்த நிலத்தில் பற்றினாலும் உத்தரவிடும் பொறுப்பு ஒரே அலுவலரிடம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, கூடார விடுதிகள். பிப்ரவரி முதல் மே வரை காட்டை ஒட்டிய தனியார் இடங்களில் இரவு நெருப்பு மூட்டுவதை முற்றாகத் தடைசெய்யுங்கள். உரிமம் இல்லாத கூடாரங்களை மூடுங்கள். குரங்கணிக்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்ததுபோல் இதற்கும் வர வேண்டும். இன்னொரு சாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பங்கையும் எழுதித் தருகிறோம். அறுவடைக் கழிவைக் காற்றடிக்கும் நடுப்பகலில் எரிக்க மாட்டோம்; ஊராட்சியில் சொல்லி, ஆள் நிறுத்தி, காலையிலேயே எரித்து அணைப்போம். மேய்ச்சலுக்காகப் புல்லுக்குத் தீ வைப்பவர் எங்கள் உறவானாலும் மறைக்க மாட்டோம்.

குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். பூங்கா அறிவிப்பும் உரிமைப் பதிவும் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்று காலவரை வைக்கிறோம். தீக்குழுக்களுக்கு அவ்வளவு காலம் தர முடியாது. அவை வரும் ஜனவரிக்குள் களத்தில் நிற்க வேண்டும். முன்மொழியும் எல்லையின் வரைபடத்தைப் புல எண்களோடு தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை மாவட்டத் தலைநகரில் வைக்காமல் பூம்பாறையிலும் மன்னவனூரிலும், விதைப்பும் அறுவடையும் இல்லாத நாளாகப் பார்த்து நடத்துங்கள். தேதியைப் பதினைந்து நாள் முன்னதாகச் சொன்னால் போதும், நாங்கள் வருகிறோம்.