குரல் ஓட்டில் ஜெயித்தது. 10 நாளில் தோற்றது! 12 மணி நேர வேலை மசோதா கதை

சென்னை, கோட்டையில் சட்டசபை கூடினால் மாலைப் பேப்பரில் எது கொட்டை எழுத்தில் வரும்? அமளி, வெளிநடப்பு! ஆனால் நம்ம வயிற்றைத் தொடுகிற சமாச்சாரம் பல சமயம் சந்தடியில்லாத மசோதாவில்தான் இருக்கும். 2023 ஏப்ரல் 21-ந்தேதி நடந்ததைப் பாருங்கள்.

அன்று கூட்டத் தொடரின் கடைசி நாள். வரிசையாக மசோதாக்கள் நிறைவேறின. அதில் ஒன்று, தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா.

அப்படி என்ன இருந்தது?

1948-ம் ஆண்டு சட்டப்படி, ஒரு தொழிலாளிக்கு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தாண்டினால் இரட்டைச் சம்பளம். இந்த விதிகளில் இருந்து ஆலைகளுக்கு விலக்கு கொடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது, புதிய 65-ஏ பிரிவு.

வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தான். 4 நாள் 12 மணி நேரம் உழைத்தால் 3 நாள் லீவு. இஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும் என்றது அரசுத் தரப்பு. சரி, வேலை கேட்டு கேட்டில் நிற்கிறவன் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்ல முடியுமா? சொன்னால் உள்ளே விடுவார்களா?

கூட்டணியில் இருந்த காங்கிரஸ், 2 கம்யூனிஸ்டு கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் எல்லாம் எதிர்த்தன. வெளிநடப்பும் நடந்தது. ஆனாலும் என்ன? 2021 தேர்தலில் 234 தொகுதியில் 133 உதயசூரியனுக்குப் போயிருந்தது. குரல் ஓட்டில் மசோதா நிறைவேறியது. குரல் ஓட்டில் தலையை எண்ண மாட்டார்கள். உங்க தொகுதிக்காரர் எந்தப் பக்கம் என்று பெயர் போட்டுப் பதிவும் ஆகாது.

வெளியே விழுந்த ஓட்டு

தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாள்! 24-ந்தேதி சங்கத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசிய அரசு, மசோதாவை நிறுத்தி வைத்தது. மே 1-ந்தேதி சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் வாபஸ் என்று அறிவித்தார். 1923-ல் சிங்காரவேலர் நாட்டிலேயே முதல் மே தினம் கொண்டாடியதும் இதே சென்னையில்தான். சரியாக 100 வருஷம்!

கதை முடியவில்லை. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 1948 சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. அதன் கீழ் விதிகள் போடும் அதிகாரம் மாநில அரசுக்கும் உண்டு.

ஆகவே அடுத்த தடவை சபை கூடும்போது, சட்டை கிழிந்ததா, மைக் உடைந்ததா என்பதோடு நிறுத்தாதீங்க. கடைசி நாளில் என்ன மசோதா வருகிறது என்றும் ஒரு கண் வையுங்க!